உடையும் குரலுக்கு ஒரு வேடம்

செம்பட்டிக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்கான இசை நாடகத்துக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்த நாளில், உடன் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிடைத்தது. கதை 'வள்ளி திருமணம்'. மாரியம்மன் திருவிழாக்களில் விடிய விடிய அந்த நாடகத்தைப் பார்த்து வளர்ந்த வட்டாரம் இது. ஆகவே வேலன், வேடன், விருத்தன் என்று முருகன் எடுக்கும் வேடங்களைப் பற்றி எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆர்மோனியக்காரர் ஐந்து கட்டையில் சுருதி வைத்தார். ஒருவர் பின் ஒருவராக வந்து, தெரிந்த பாட்டில் நான்கு அடி பாடிவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்தபோது ஆசிரியர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சென்ற ஆண்டு வரை காலை வழிபாட்டில் பாடியவன் அவன்தான் என்று அருகிலிருந்தவர் சொன்னார். முதல் அடி சரியாகவே வந்தது. இரண்டாம் அடியில் மேல்ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் குரல் பிளந்தது. மீண்டும் முயன்றான், மீண்டும் பிளந்தது. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. "சரி தம்பி, அடுத்த ஆள் வரட்டும்" என்றார் நடுவர். பையன் போய்விட்டான். அன்று மாலை ஒட்டப்பட்ட பட்டியலில் அவன் பெயர் இல்லை.

யாரும் அநீதி செய்யவில்லை, விதிப்படியே நடந்தது. ஆனால், அந்த விதி சரிதானா என்ற கேள்வி எழாமலில்லை. இசை நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் வயது பன்னிரண்டு முதல் பதினாறு வரை. ஆண்பிள்ளைகளின் குரல் உடைவதும் ஏறத்தாழ அதே வயதில்தான். சில மாதங்களில் இல்லாமல் போகப்போகும் ஒரு குரலையோ, இன்னும் உருவாகி முடியாத ஒரு குரலையோதான் அந்த நான்கு அடிகளில் நாம் அளக்கிறோம். இந்தச் சிக்கல் தமிழ் மேடைக்குப் புதிதன்று. அதற்கென்று 'மகரக்கட்டு' என்ற சொல்லையே நாடகக்காரர்கள் வைத்திருந்தார்கள். பிள்ளைகளை மட்டுமே கொண்டு பல பத்தாண்டுகள் இசை நாடகம் நடத்திய நாடு நம்முடையது. அந்த அனுபவத்தில் எடுத்துக்கொள்ளவும் இருக்கிறது, தள்ளிவிடவும் இருக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வைத் தொடங்கியது 1918-இல். பெரியவர்களைக் கொண்டு நாடகம் நடத்துவதில் இருந்த ஒழுங்கின்மையைக் கண்டு சலித்தவர்கள், சிறுவர்களை வைத்துப் பழக்கினால் கட்டுப்பாடும் நிற்கும், பாடமும் பிசகாது என்று கருதிய காலம் அது. 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் வாயில் வழங்கிய அந்தக் குழுக்கள் அடுத்த முப்பது ஆண்டுகளுக்குத் தமிழ் நாடகத்தையும், அதன் வழியே தமிழ்த் திரைப்படத்தையும் உருவாக்கின. டி.கே.எஸ். சகோதரர்கள், எம்.ஜி.ஆர்., பி.யு. சின்னப்பா, சிவாஜி கணேசன், எம்.என். நம்பியார் என்று அங்கிருந்து வந்தவர்களின் வரிசை நீளமானது.

அந்தக் கம்பெனிகளில் பையனைச் சேர்ப்பதற்கு நடந்த சோதனை மிகச் சுருக்கமானது. முகவெட்டைப் பார்ப்பார்கள். ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். அவ்வளவுதான். சிவாஜி கணேசன் தன் வரலாற்றில் இதைச் சொல்லியிருக்கிறார். திருச்சியில் முகாமிட்டிருந்த யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில், பத்து வயதுகூட நிரம்பாத நிலையில், தாய் தந்தையில்லாத அனாதை என்று பொய் சொல்லி, ஒரு பாட்டைப் பாடிக் காட்டிச் சேர்ந்துகொண்டார். கம்பெனி அடுத்து நகர்ந்த ஊர் திண்டுக்கல். இராமாயண நாடகத்தில் சீதையாக அவர் வேடம் கட்டி மேடையேறியது அங்கேதான். செம்பட்டியிலிருந்து அரை மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவு. பராசக்தியின் வசனம் வெளிவரக் காரணமான தொண்டைக்கு முதல் தேர்வு நான்கைந்து அடிப் பாட்டுத்தான் என்பதும், முதல் பாத்திரம் ஒரு பெண் என்பதும் நினைத்துப் பார்க்கத்தக்கவை.

சேர்க்கும் சோதனை சுருக்கமானது என்பதால் தேர்வு எளிதாக முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. உண்மையில் அது அங்கேதான் தொடங்கியது. காலையில் எழுந்ததும் சாதகம், பிறகு ஆர்மோனியத்தோடு பாட்டு, வாத்தியாரிடம் பாடம், அடவு, வாள்வீச்சு, இரவில் நாடகம். பையன் தன் பாடத்தை மட்டுமன்றி எல்லோர் பாடத்தையும் நெட்டுருப் போட வேண்டும். ராஜபார்ட் காய்ச்சலில் படுத்தால் அன்றிரவே வேறொருவன் அந்த வேடத்தைக் கட்ட வேண்டியிருக்கும். இன்று சேவகனாக நிற்பவன் நாளை அர்ச்சுனனாகலாம். ஸ்திரீபார்ட் ஒருவன் வளர்ந்து கள்ளபார்ட்டாகலாம். நடிகர் தேர்வு என்பது ஒருநாள் நிகழ்ச்சியாக இல்லாமல், தினமும் வாத்தியாரின் கண்முன் நடந்துகொண்டே இருந்தது. யாருக்கு எது வரும் என்பதை அவர் ஒரு காலையில் முடிவு செய்யவில்லை; மாதக்கணக்கில் பார்த்து முடிவு செய்தார்.

இதன் உச்சம் என்று ஒன்றைச் சொல்லலாம். சிறுவன் டி.கே. சண்முகத்தின் திறனைக் கண்ட சங்கரதாஸ் சுவாமிகள், அவனுக்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது தமிழ் நாடக உலகம் நன்கறிந்த செய்தி. எழுதும் வேகத்தை வியந்து பேசுவதோடு அந்தச் செய்தியை நிறுத்திவிடுவது நம் வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. பாத்திரம் முன்னே, பையன் பின்னே என்பது நாம் அறிந்த வரிசை. சுவாமிகள் அதைத் திருப்பிப் போட்டார். இந்தப் பையனுக்கு எது பொருந்தும் என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ற நாடகத்தைச் செய்தார்.

ஆனால், பையன் வளர்வான். வளர்ந்தால் குரல் உடையும். அந்தக் கட்டத்தில் கம்பெனி என்ன செய்தது?

மகரக்கட்டு என்பது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். நம் குரல், குரல்வளைக்குள் உள்ள இரண்டு குரல் நாண்களின் அதிர்விலிருந்து பிறக்கிறது. நாண் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருந்தால் வேகமாக அதிரும்; குரல் உயர்ந்து ஒலிக்கும். நீண்டு தடித்தால் அதிர்வு குறையும், குரல் இறங்கும். பூப்பு வயதில் ஆண்பிள்ளையின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு கூடும்போது குரல்வளை விரைந்து வளர்கிறது. கழுத்தில் முன்துருத்தித் தெரியும் குருத்தெலும்பு அதன் அடையாளம். வினாடிக்கு ஏறத்தாழ 250 அதிர்வுகளில் பேசிக்கொண்டிருந்த சிறுவன் ஓரிரண்டு ஆண்டுகளில் 120-ஐ ஒட்டி வந்துவிடுகிறான். இசைமொழியில் சொன்னால் ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறான். நாண்கள் வளர்ந்துவிட்டன, அவற்றை இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்கும், அவற்றுக்கு ஆணையிடும் மூளைக்கும் புதிய அளவு இன்னும் பழகவில்லை. அந்த இடைவெளியில்தான் குரல் பிளக்கிறது. கேட்பவருக்குச் சிரிப்பு வருகிறது. பாடுகிறவனுக்கோ தன் தொண்டையே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது போன்ற உணர்வு. பெண்பிள்ளைகளின் குரலும் மாறத்தான் செய்கிறது. இறக்கம் சிறிது, ஆனால், சில காலம் குரலில் காற்று கலந்து ஒலிக்கும், முன்பிருந்த தெளிவு குறையும். அதை யாரும் மகரக்கட்டு என்று சொல்வதில்லை. 'பிள்ளை சரியாகச் சாதகம் செய்யவில்லை' என்றுதான் சொல்வார்கள்.

ஒலிபெருக்கி வராத காலத்து மேடைக்கு உயர்ந்த சுருதி ஆடம்பரமன்று, அது தேவை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவன் காதுக்குப் பாட்டு போய்ச் சேர வேண்டும். கீழ்ச் சுருதியில் பாடினால் ஆர்மோனியமும் மிருதங்கமும் அதை விழுங்கிவிடும். ஆகவே ஐந்து கட்டை வழக்கமாயிற்று. எஸ்.ஜி. கிட்டப்பா வளர்ந்த பிறகும் அந்த உயரத்தில் நின்றார். அதனால்தான் அவரை அதிசயமாகப் பேசினார்கள். சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்த டி.ஆர். மகாலிங்கம், 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் சிறுவனாகப் பாடியவர், 1945-இல் 'ஸ்ரீவள்ளி'யில் நாயகனாகவும் அதே ஒளி குன்றாமல் பாடினார். இவர்கள் விதிவிலக்குகள். பெரும்பாலான பையன்களுக்கு ஐந்து கட்டை போனால் திரும்பி வராது. ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில்தான் வயது வந்த ஆணின் குரல் இயல்பாக நிற்கும்.

அப்படிக் குரல் போன பையனுக்குக் கம்பெனி கருணை காட்டியதாகச் சொல்வதற்கில்லை. ராஜபார்ட்டிலிருந்து இறக்கப்பட்டான், ஸ்திரீபார்ட் கைவிட்டுப் போயிற்று. சிலர் கூட்டத்தில் ஒருவராக நின்றார்கள். சிலர் திரை இழுத்தார்கள். பலர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். பள்ளிப் படிப்பை விட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். வீட்டை விட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்து, பெற்றோர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் கட்டுண்டு, அடியும் வசவும் வாங்கிப் பாடம் படித்தவர்கள். பதினான்கு வயதில் தொண்டை மாறியதும் அவர்களிடம் கம்பெனிக்கு வேலை இல்லை. புகழ்பெற்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். திரும்பிப் போனவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

பி.யு. சின்னப்பாவின் (1916-1951) கதை இங்கே கவனத்துக்குரியது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் முன்னணியில் நின்று பாடிய பையன், குரல் உடைந்த பின் கம்பெனியை விட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஊரில் சும்மா இருக்கவில்லை. முறையாகச் சங்கீதம் பயின்றார். சிலம்பம், குஸ்தி என்று உடலைப் பழக்கினார். பின்னர் 1940-இல் 'உத்தமபுத்திரன்', 1942-இல் 'கண்ணகி', 1944-இல் 'ஜகதலப்பிரதாபன்' என்று தமிழ்த் திரையின் பெரும் பாடக நடிகர்களில் ஒருவரானார். உடைந்த குரலுக்குக் காலம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் சான்று. அந்தக் காலத்தைக் கொடுத்தது கம்பெனி அல்ல, அவரே தேடிக்கொண்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மருத்துவமும் இசைக்கல்வியும் இந்த இடத்தில் நெடுந்தொலைவு வந்துவிட்டன. குரல் உடையும்போது பாடவே கூடாது, தொண்டை கெட்டுவிடும் என்பது உலகெங்கும் நெடுங்காலம் இருந்த நம்பிக்கை. 1970-களில் அமெரிக்க இசைக் கல்வியாளர் ஜான் குக்ஸி, ஆண்பிள்ளைகளின் குரல் ஒரே நாளில் உடைந்து விழுவதில்லை, படிப்படியாக இறங்குகிறது என்பதை வகைப்படுத்திக் காட்டினார். ஒவ்வொரு படியிலும் பிள்ளைக்கு வசதியான எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லைக்குள், வலிந்து கத்தாமல், மெல்லப் பாடிக்கொண்டே வந்தால் குரல் கெடாது. புதிய தொண்டைக்குப் பழகிவிடும் என்பதே அவர் வழிவந்தவர்கள் பின்பற்றும் முறை. எல்லைக்கு மேலே இழுத்துப் பிடித்துக் கத்திப் பாடுவதுதான் கேடு. பள்ளி மேடைகளில் நாம் பிள்ளைகளைச் செய்யச் சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

இளையோர் இசை நாடகம் பெருந்தொழிலாக வளர்ந்த நாடுகள் வேறொரு வழியும் கண்டன. இங்கிலாந்தின் சுரங்க ஊர் ஒன்றில் பாலே ஆட விரும்பும் சிறுவனின் கதையான 'பில்லி எலியட்' 2005-இல் லண்டனில் இசை நாடகமாக மேடையேறியபோது, பில்லி வேடத்துக்கு ஒரு பையனை அல்ல, மூன்று பையன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் முறை வைத்து நடித்தார்கள். ஒரு பிள்ளை எல்லா இரவும் பாடி ஆடினால் தாங்காது. பிள்ளைகள் மேடையேறும் நேரத்துக்குச் சட்டமும் வரம்பு வைத்திருக்கிறது. வளர்ந்துவிட்டால் வேறொருவன் ஆயத்தமாக இருக்க வேண்டும். நியூயார்க் மேடையில் அதே வேடத்தைப் பகிர்ந்த மூன்று சிறுவர்களுக்கும் சேர்த்து 2009-ஆம் ஆண்டின் டோனி விருது வழங்கப்பட்டது. பாய்ஸ் கம்பெனியில் எல்லோரும் எல்லாப் பாடமும் படித்ததன் காரணம் கொட்டகை வசூல். இங்கே காரணம் பிள்ளையின் நலம். செய்தது ஏறத்தாழ ஒன்றே.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன் விதிகளும், பொழுதுபோக்குத் துறையில் பணிபுரியும் குழந்தைக் கலைஞர் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, இடைவேளை இன்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வருமானத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு குழந்தையின் பெயரில் வங்கியில் இட வேண்டும் என்கின்றன. நேரத்துக்கும் பணத்துக்கும் விதி உண்டு. தொண்டைக்கு விதி இல்லை; அது ஆசிரியரின் காதை நம்பி விடப்பட்டிருக்கிறது.

செம்பட்டியிலிருந்து சின்னாளபட்டி வழியாகச் சென்றால் காந்திகிராமம். 1977-இல் தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு அங்கே நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறை, தமிழ் நவீன நாடகத்தின் போக்கையே மாற்றியது. அதில் பேராசிரியர் சே. இராமானுஜம் போன்றவர்களின் பங்கு பெரிது. உடலால் பேசுவது, கூட்டமாக இயங்குவது, கொடுத்த சூழலைக் கற்பனையால் நிரப்புவது ஆகியவை நடிகனின் அடிப்படைப் பயிற்சிகள் என்ற எண்ணம் அந்த அலையில்தான் இங்கே வேரூன்றியது. ஆனால், ஒரு விந்தை. கல்லூரி வளாகங்களிலும் நவீன நாடகக் குழுக்களிலும் நடிகரைத் தேர்ந்தெடுப்பது அந்த வழிக்கு வந்துவிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் அது நுழையவில்லை. அங்கே இன்னும் ஐந்து கட்டை, நான்கு அடிப் பாட்டு, முகவெட்டு. முகவெட்டு என்று நாகரிகமாகச் சொல்கிறோம்; வள்ளிக்கு நிறமான பெண், வேடர்களுக்குக் கறுத்த பையன்கள் என்பதுதான் பல இடங்களில் அதன் பொருள். தினைப்புனம் காத்த குறமகள் எந்த நிறத்தில் இருந்திருப்பாள் என்று யாரும் கேட்பதில்லை.

2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் பிள்ளைகளை மேடையேற்றுகிறது. கலையரசன், கலையரசி என்று பட்டம் தருகிறது. கட்டணம் கட்டிப் பயிற்சி பெற இயலாத பிள்ளைகளுக்கு அது திறந்துவிட்ட வாசல் பெரிது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எனினும், போட்டி என்ற அமைப்புக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. வெல்ல வேண்டும் என்றால், ஆசிரியர் ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளையைத்தான் அனுப்புவார். எட்டாம் வகுப்பில் சென்றவன் ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைந்து நின்றால், அவன் இடத்தில் வேறொருவனை அனுப்புவார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. பையன் மட்டும், பாட்டு என்பது தனக்கு முடிந்துபோன ஒன்று என்று புரிந்துகொள்வான். நம் ஊர்களில் பதினைந்து வயதுக்கு மேல் வாய்விட்டுப் பாடும் ஆண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று வியப்பவர்கள் இந்த இடத்தையும் சற்றுப் பார்க்கலாம்.

என்ன செய்யலாம் என்றால், பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஆர்மோனியத்தின் அழகே சுருதியை நகர்த்த முடிவதுதான். பாடச் சொல்வதற்கு முன் பிள்ளையைப் பேசச் சொல்லலாம்; ஊரைப் பற்றி, பேருந்தைப் பற்றி, எதையாவது. பேசும் குரல் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்குச் சற்று மேலே சுருதியை வைத்தால், பிள்ளையின் வசதியான எல்லை இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மேல்ஸ்தாயியில் எவ்வளவு எட்டுகிறான் என்பதைச் சோதிப்பதைவிட, இந்த எல்லைக்குள் சுருதி சேர்கிறானா என்று கேட்பதே முறை. ஒலிவாங்கி இருக்கும் மேடையில் ஐந்து கட்டைக்கு இனி வேலையில்லை. அது பழைய கொட்டகையின் தேவை, நாம் பழக்கத்தால் சுமந்து வருகிறோம்.

அடுத்தது, தெரிந்த பாட்டைப் பாடச் சொல்லக் கூடாது. தெரிந்த பாட்டு அவன் வீட்டில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டும். பாட்டு வகுப்புக்குப் போகிறவனையும் போகாதவனையும் பிரித்துக் காட்டும். யாருக்கும் தெரியாத ஒரு நாலடி மெட்டை அங்கேயே எல்லோருக்கும் சேர்ந்து சொல்லிக் கொடுத்து, அரை மணி கழித்துக் கேட்டால், யார் கற்றுக்கொள்கிறார்கள் என்பது தெரியும். ஒத்திகை ஆறு வாரமோ எட்டு வாரமோ நடக்கப்போகிறது. நமக்கு வேண்டியது இன்று நன்றாகப் பாடுகிறவன் அல்லன். எட்டாவது வாரத்தில் நன்றாகப் பாடப்போகிறவன். அதே மெட்டை ஐந்து ஐந்து பேராகப் பாடச் சொன்னால் இன்னொன்றும் தெரியும்: பக்கத்தில் இருப்பவன் தவறும்போது யார் அவனைத் தாங்கிப் பிடிக்கிறான், யார் தன் குரலை உயர்த்தி அவனை மறைக்கிறான் என்பது. நாடகத்தில் இரண்டாமவனைவிட முதலாமவனே தேவைப்படுவான்.

ஒரே நாளில் முடிவு செய்யாமல் இரண்டாம் முறை அழைப்பது, முக்கிய வேடங்களுக்கு இரண்டு பேரைப் பழக்குவது, வேடம் கிடைக்காதவனுக்குப் பலகையில் பட்டியல் ஒட்டுவதற்கு முன் நேரில் சொல்வது ஆகியவை எந்தப் பள்ளியாலும் முடியக்கூடியவை. கடைசியாகச் சொன்னதற்கு ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகள் பட்டியலைத் தோழர்கள் மத்தியில் நின்றுதான் படிக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

எல்லோருக்கும் முதன்மை வேடம் தர முடியாது என்பது உண்மைதான். தேர்வே வேண்டாம், ஆசைப்பட்டவர் எல்லாம் ஏறட்டும் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களும் மனிதர்கள். மூன்று மணி நேரம் உட்காருகிறார்கள். தகுதி பார்க்கத்தான் வேண்டும். எந்தத் தகுதி என்பதில்தான் எனக்கு வழக்கு. பபூனுக்கு ஸ்தாயி எதற்கு? நாரதருக்கு வேண்டியது சொல் தெளிவு. விருத்தனாக வரும் முருகனுக்குத் தழுதழுத்த, பிளந்த குரல் வந்தால் அது குறையா, பொருத்தமா? 'வள்ளி திருமணம்' போன்ற நம் மரபு நாடகங்களில் பாடாமல் பேசி நிற்கவும், பாதி பேசிப் பாதி பாடவும் இடங்கள் ஏராளமாக இருக்கின்றன. சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள் கையில் கிடைத்த பையன்களை அறிந்து எழுதியவர்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனைப் பற்றி மறுநாள் ஆர்மோனியக்காரரிடம் பேசினேன். அறுபது வயதைக் கடந்தவர். திருவிழா மேடைகளில் நாற்பது ஆண்டு வாசித்தவர். "மகரக்கட்டுங்க. எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. சுருதிய இறக்கச் சொல்லி யாரும் சொல்லலையே" என்றார். நாங்கள் இருவரும் ஆசிரியரிடம் போனோம். அவர் தயங்கினார், பட்டியல் ஒட்டியாகிவிட்டது, மாற்றினால் பெற்றோர் கேட்பார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். பிறகு, விருத்தன் வேடத்துக்குத் தேர்வானவனுக்கு மாற்றாக இன்னொருவன் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

பையனை அழைத்து இரண்டு கட்டையில் சுருதி வைத்தார் ஆர்மோனியக்காரர். முதலில் சந்தேகத்தோடுதான் வாயைத் திறந்தான். குரல் தடித்து, சற்றுக் கரகரப்பாக, ஆனால் பிளவுபடாமல் வந்தது. அவனுக்கே அது புதிய குரல். யாருடையது என்று கேட்பதுபோல ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தான். விருத்தனின் பாட்டுகளையும் நாரதரின் வசனங்களையும் இப்போது நெட்டுருப் போட்டுக்கொண்டிருக்கிறான். விழா ஜனவரியில். அதற்குள் குரல் இன்னும் எவ்வளவு இறங்கும் என்று தெரியாததால், சுருதியை எந்தக் கட்டையில் எழுதி வைப்பது என்ற இடத்தை மட்டும் ஆர்மோனியக்காரர் தன் நோட்டில் காலியாக விட்டிருக்கிறார்.